புதுச் சிலைக்கு ஒரு வயதுச் சான்று

சுவாமிமலையில் போன மாதம் வார்த்த நடராஜரை மெல்போர்னுக்கு அனுப்ப உரிமம் வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். உலோகச் சிலை, ஏற்றுமதிக் கொள்கையில் தடையில்லாத சரக்கு. ஆனால் அது நூறு வருஷத்துப் பழசு இல்லை என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். வார்த்த ஸ்தபதி சொன்னால் செல்லாது. வாங்கியவர் சொன்னாலும் செல்லாது. பெட்டி கப்பலேறுவதற்கு முன்னால் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

நான் கும்பகோணத்தில் பட்டறைகளுக்கும் விளக்குக் கடைகளுக்கும் ஏற்றுமதிக் காகித வேலை பார்க்கிறவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில்லுக்கு வேண்டிய விவரங்கள், சென்னையில் இருக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்டோடு போனில் மல்லுக்கட்டுவது, இவ்வளவுதான் தொழில். சிலை செய்யத் தெரியாது. செய்கிறவர்களின் திண்ணையில் உட்கார்ந்து உட்கார்ந்து, எது எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரியும்.

காகிதத்தில் முதல் பகுதி சுலபம். ஏற்றுமதி செய்ய நினைக்கிற யாருக்கும் ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு பான் எண்ணேதான் அதுவும். ஐநூறு ரூபாய் கட்டி இணையத்திலேயே வாங்கிவிடலாம். வருஷா வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் உள்ளே போய் 'விவரம் சரி' என்று ஒப்புக்கொடுக்க வேண்டும், மறந்தால் எண் முடங்கிப்போகும். அப்புறம் ஏற்றுமதிப் பணத்தைக் கையாளும் வங்கியின் அடையாள எண்ணான ஏ.டி. கோடு, துறைமுகத்தில் அதைப் பதிவது. இதெல்லாம் ஒரு தடவை செய்து பார்த்தால் பழகிவிடும்.

சரக்கு எண்ணில்தான் முதல் வம்பு. உலகம் முழுக்கப் பொதுவான வரிசையில் சாதாரண உலோகச் சிலைகளுக்கு 8306. கலைஞர் கையால் செய்த மூலச் சிற்பத்துக்கு 9703. நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளுக்கு 9706. வாங்குகிறவர் நாட்டில் வரி குறையும் என்று சிலர் 9703இல் போடச் சொல்வார்கள். கொடுமை என்னவென்றால், விற்பனைக்காக எழுதுகிற அழகான வாக்கியம் அப்படியே காகிதத்தில் ஏறிவிடும். ஒரு கடைக்காரர் தன் இணையதளத்திலிருந்து 'சோழர் காலத்து அர்த்தநாரீஸ்வரர்' என்று நகலெடுத்து இன்வாய்ஸில் ஒட்டியிருந்தார். சோழர் காலப் பாணி என்பதைத்தான் சொல்ல நினைத்தார், பாவம். 'பாணி' விட்டுப்போனது. சிலை துறைமுகத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கிடங்கு வாடகையை யார் தலையில் கட்டுவது என்று அவரும் வாங்கியவரும் போட்ட சண்டை தனிக்கதை.

இனி அந்த நூறு வருஷம். 1972இல் இயற்றிய தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு வருஷத்துக்குக் குறையாத சிலை, ஓவியம், நாணயம், கல்வெட்டு, கைவினைப் பொருள் எல்லாம் அதன்படி தொல்பொருள். மதிப்புள்ள சுவடிக்கும் ஆவணத்துக்கும் எழுபத்தைந்து வருஷமே போதும். மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர வேறு யாரும் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. தனியாருக்கு உரிமம் என்ற பேச்சே இல்லை. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, அபராதம் வேறு. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி வந்தால், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரி சொல்வதுதான் முடிவு. 'இது தொல்பொருள் அல்ல' என்று அவர்கள் எழுதிக் கொடுப்பதைத்தான் நாங்கள் என்.ஏ.சி. என்கிறோம்.

நூறு வருஷம் என்பது நின்ற இடத்தில் நிற்கிற கோடு இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 1919இல் செய்த விளக்கு வெறும் விளக்கு. இன்று அது தொல்பொருள். நியூஜெர்சியிலிருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணியிருந்தாள், தூரத்து உறவு.

"அண்ணே, கொள்ளுப்பாட்டி சீதனமா கொண்டாந்த நாச்சியார்கோயில் விளக்கு. வீட்டக் குடுத்துட்டோம். பார்சல்ல எடுத்துட்டு வரலாமா?"

"எந்த வருஷத்துக் கல்யாணம்மா?"

"அதான் விளக்குலயே வெட்டியிருக்கே. பாட்டி பேரும், 1919ன்னும்."

பாத்திரத்திலும் விளக்கிலும் பெயர் வெட்டுவது நம் வீட்டு வழக்கம். பக்கத்து வீட்டுக்கு இரவல் போனாலும் திரும்பி வரட்டும் என்றுதான் வெட்டினார்கள். இங்கே அந்த எழுத்தே விளக்கின் வயதைச் சொல்லிவிட்டது. அவள் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "எழுத்த அரம் போட்டு எடுத்துட்டா?" என்றார். "மாப்பிள்ளை, அது குற்றம்" என்றேன். அதற்கும் மேலே, அப்படி எடுத்த பிறகு அது யார் விளக்கு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, மனதில் நினைத்துக்கொண்டேன். விளக்கு இப்போது மன்னார்குடியில் அவள் சின்ன மாமியார் வீட்டு பூஜை அறையில் இருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வேறு யார் கேட்டாலும் டெல்டாக்காரன் கேட்கக் கூடாது. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951இல் வயலில் வெண்கலச் சிலைகள் கிடைத்தன. அதில் ஒரு நடராஜர். கோயிலுக்குக் கொடுத்தார்கள். 1954இல் பழுது பார்க்க கும்பகோணத்துக்கு அனுப்பினார்கள். பழுது பார்க்கப் போன இடத்தில் அச்சு அசலாக ஒரு நகல் வார்க்கப்பட்டு, நகல் கோயிலுக்குத் திரும்பியது. அசல் பம்பாய் வழியாக அமெரிக்காவுக்குப் போனது. 1973இல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குப் போட்டு, சமரசமாகி, 1986இல் நடராஜர் திரும்பி வந்தார். நடுவே பல வருஷம் நகலுக்குத்தான் தீபாராதனை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்ற அறிஞர் 1965இல் எழுதிய பிறகுதான் கோயிலில் இருப்பது நகல் என்ற விஷயம் வெளியே கசிந்தது. ஒன்றை யோசித்துப் பாருங்கள்: தினமும் அபிஷேகம் பண்ணுகிறவருக்கே தெரியாத வித்தியாசம் கஸ்டம்ஸ் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

திருவாரூர்ப் பக்கம் பத்தூர் நடராஜர் கதையும் இதே ரகம். 1976இல் மண்ணுக்கடியில் கிடைத்தார், கை மாறி மாறி லண்டன் போனார், அங்கே போலீஸ் கைப்பற்றியது. வழக்கில் சிதிலமான கோயிலின் சிவலிங்கமே வாதிகளில் ஒருவராக நின்றது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூட நீதிமன்றத்தில் பேசப்பட்டன. 1991இல் ஊர் திரும்பினார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2006 வாக்கில் திருடுபோய், ஐம்பது லட்சம் டாலருக்கு 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2014இல் அந்த நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து கொடுக்கும்படி ஆனது. விற்ற நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டார்; அரியலூர்ப் பக்கத்துக் கோயில் சிலைகளைத் திருடிய வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு நாளன்று கோர்ட்டு வாசல் டீக்கடையில் நின்ற கூட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கும்பல் திருட்டுச் சிலையை எப்படி வெளியே அனுப்பியது? கைவினைப் பொருள் என்று எழுதித்தான். நாங்கள் எழுதுகிற அதே சொல், அதே துறைமுகம். அதனால்தான் எங்கள் பெட்டியைப் பார்த்தால் அதிகாரிக்கு ஒரு கணம் கை நிற்கிறது. எனக்கு அவர் மேல் கோபம் வருவதில்லை. பெட்டிக்குள் இருப்பது போன வாரத்து வேலையா ராஜராஜன் காலமா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டவன் வேலை என்ன ஆகும்?

சரி, புதுசு என்பதை எப்படித்தான் காட்டுவது? பழசு என்று நிரூபிக்க ஆயிரம் வழி இருக்கிறது: கல்வெட்டு, கோயில் சொத்துப் பதிவேடு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஊர் ஊராகப் போய் எடுத்து வைத்த படங்கள். திருடுபோன பல சிலைகளை அடையாளம் காட்டியது அந்தப் படங்கள்தான். புதுசுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதிலும் சுவாமிமலைக்காரர்கள் கையில் ஒரு வினை இருக்கிறது. அவர்கள் அளவு மாற்றுவதில்லை. தென்னோலையை மடித்து மடித்து, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று எடுக்கிற கணக்கு சோழர் காலத்து வார்ப்புக்காரரின் கணக்கேதான். மெழுகில் உருவம் பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிற முறையும் அதேதான். மண்கூட அதே காவிரி மண். எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாரோ அவ்வளவுக்குச் சிலை பழசாகத் தெரியும். கைத்திறன் குறைந்தவரின் சிலை கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது. நல்ல ஸ்தபதியின் சிலைதான் நிற்கிறது.

போதாததற்கு வாங்குகிறவர்கள் கேட்கிற 'ஆன்டிக் பினிஷ்'. பளபளவென்று பித்தளைக் குடம் மாதிரி இருந்தால் வரவேற்பறைக்கு ஒத்துவராதாம். ஒரு தடவை பெரியவர் ஒருவரின் பட்டறைக்குப் போயிருந்தேன். சிவகாமி அம்மன், மூன்றடி இருக்கும். இடுப்பு மடிப்பிலும் கிரீடத்தின் வேலைப்பாட்டுக்குள்ளும் கறுப்பு படிந்து, மூக்கு நுனியும் முழங்காலும் மட்டும் தேய்ந்தது போல மஞ்சள் காட்டின. காதுக்குப் பின்னால் பச்சை. தலைமுறை தலைமுறையாகப் பால் அபிஷேகம் கண்ட மேனி என்று யாரும் சத்தியம் பண்ணுவார்கள்.

"எப்படிங்கய்யா?"

"அமிலம் கொஞ்சம், புகை கொஞ்சம். மிச்சத்த மண்ணு பாத்துக்கிச்சு. கொல்லையில பொதச்சு வச்சிருந்தேன். ஆயிரம் வருஷத்த அஞ்சு நாள்ல கொண்டாந்துட்டேன் தம்பி." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நான் மாட்டிக்குவேன்."

"அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன்."

இந்தக் கறுப்பு ஆழமாக இறங்குவதில்லை. தெரிந்தவர்கள் பஞ்சில் திரவம் நனைத்து ஓரமாகத் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். நாள்பட்ட களிம்பு அப்படி வராது, அது உலோகத்தோடு உலோகமாகிவிடும். பீடத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார்கள். பழைய உற்சவருக்குப் பீடத்தில் தண்டு கோக்கிற வளையமும் ஓட்டையும் இழுபட்டு இழுபட்டு நீண்டிருக்கும். புதுசில் ஓட்டை வட்டமாக இருக்கும். முகத்தில் கைபட்ட தேய்மானம் ஒரே சீராக இருக்காது. உலோகத்தைச் சோதித்தால் தெரியாதா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். ஓரளவு தெரியும். ஆனால் இங்கே வீட்டுக்காரர்கள் பழைய செம்பு அண்டாவையும் உடைந்த தாம்பாளத்தையும் கொண்டுவந்து, 'இதையும் சேர்த்து உருக்கிடுங்க' என்று கொடுக்கிற வழக்கம் உண்டு. உலோகத்துக்கு ஒரு வயது, சிலைக்கு வேறு வயது. கருவி முதலாவதைத்தான் சொல்லும்.

விண்ணப்பத்தோடு சிலையின் நாலு பக்கப் படமும் கொடுக்க வேண்டும், அளவும் எடையும் எழுத வேண்டும், நிபுணர்கள் பொருளை நேரில் பார்ப்பார்கள். பார்த்துத் திருப்தியானால் படத்தின் மேலேயே முத்திரை குத்திச் சான்று. படம் எடுப்பதில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். பூ மாலையோடு எடுத்த படம், திருவாசி இல்லாமல் எடுத்த படம், பின்பக்கமே இல்லாத படம் எல்லாம் வரும். நான் பட்டறைகளில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முடிந்த சிலையைப் படம் எடுப்பதற்கு முன்னால் மெழுகைப் படம் எடுங்கள். சிலை மெழுகாக இருந்தபோது எடுத்த படம், மண் பூசிக் கம்பி கட்டிய கருவின் படம், வார்த்து மண்ணை உடைத்ததும் கரடுமுரடாக நிற்கிற படம், உளி வேலை நடக்கும்போது எடுத்த படம். இந்த நாலும் கையில் இருந்தால் ஐந்தாவதாக இருக்கிற கறுப்புப் பூசிய படத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். பழஞ்சிலைக்கு மெழுகுப் படம் இருக்க வழியே இல்லை அல்லவா? சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் நான் இணைக்கிறேன்; பார்க்கிறவரின் முகம் இளகுவது தெரிகிறது.

2023இல் டெல்லி பாரத மண்டபத்துக்கு முன்னால் ஜி20 மாநாட்டுக்காக நிறுத்திய பிரம்மாண்ட நடராஜர், இருபத்தேழு அடி, பதினெட்டு டன், சுவாமிமலையில் செய்து லாரியில் போனவர்தான். வழியெல்லாம் சனங்கள் கும்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். அவருக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை, நாட்டைத் தாண்டவில்லையே. மூன்றடி அம்மனுக்குத்தான் இத்தனை பாடு.

சிலை தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தாண்ட வேண்டும். எங்கள் ஊரில் எதையும் வைக்கோல் சுற்றித்தான் அனுப்புவார்கள். குறுவை அறுத்த கையோடு எங்கு பார்த்தாலும் வைக்கோல்தான். ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் ஒரு துண்டு போனாலும் ஆபத்து, தாவர நோய் வரும் என்று சரக்கையே மடக்குவார்கள். மரப்பெட்டிக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதி: சூடேற்றுகிற முறையென்றால் மரத்தின் உள்பகுதி 56 டிகிரிச் சூட்டில் முப்பது நிமிஷம் இருந்திருக்க வேண்டும், அதற்கு அடையாளமாகப் பெட்டியில் முத்திரை வேண்டும். முத்திரையில் இருப்பது கோதுமைக் கதிர். நெல் விளைகிற ஊரில் கோதுமை முத்திரை குத்திப் பெட்டி அனுப்புகிறோம், போகட்டும். ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால் சின்னச் சிலைகளுக்கு அதையே சொல்லிவிடுகிறேன். ஈட்டி மரத்தில் பீடம் கேட்பவர்களைத் தலையில் அடித்துக்கொள்ளாமல் சமாளிக்கப் பழகிவிட்டேன். 2017இலிருந்து அந்த மர வகை முழுவதும் வனவிலங்கு, தாவர வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது, பெரிய பீடமென்றால் அதற்காகத் தனியாகக் காகிதம் வேண்டிவரும். தேக்கில் செய்து கொடுங்கள், யாருக்கும் வலிக்காது.

தஞ்சாவூர் வீணை பலா மரம் என்பதால் மரத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் தாத்தா காலத்து வீணையில் யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். மயில்தோகையும் அப்படியே. உள்ளூரில் உதிர்ந்த தோகையை விற்கலாம், தோகையையோ அதில் செய்த விசிறியையோ வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. சுவாமிமலைக் கோயிலில் முருகன் சன்னதிக்கு எதிரே மயில் இருக்காது, யானைதான் நிற்கும். இரண்டில் எதனுடைய உடம்பிலிருந்தும் ஒரு துணுக்கைக்கூட ஏற்றுமதி பண்ண முடியாது என்று எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒரு நாள் சொன்னார். பக்திமான், ஆனால் இந்த மாதிரிப் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

அரிசியைச் சொல்லாமல் விட்டால் திருவாரூரில் மில் வைத்திருக்கும் என் மச்சான் கோபித்துக்கொள்வான். அவன் உலகமே வேறு. சிலையில் பொருள்தான் சந்தேகம், விதி மாறுவதில்லை. அரிசியில் பொருள் எல்லோருக்கும் தெரிந்தது, விதி ராத்திரியோடு ராத்திரியாக மாறும். 2023 ஜூலை 20ஆம் தேதி பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது, உடனடி அமல். 1006 30 90 என்ற சரக்கு எண்ணில் இருப்பதெல்லாம் நின்றது. புழுங்கலுக்குத் தனி எண், அது நிற்கவில்லை. ஆகஸ்டில் அதன் மேல் 20 சதவீத வரி விழுந்தது. ஜூலைத் தடையில், ஏற்கெனவே கப்பலில் ஏற்ற ஆரம்பித்தது, கஸ்டம்ஸிடம் ஒப்படைத்தது போன்ற சரக்குக்குத்தான் விலக்கு. அன்றைக்கு லாரி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒருவன் பிழைத்தான், இன்னொருவன் மாட்டினான். அமெரிக்காவில் நம்மவர்கள் கடையில் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கி அடுக்குகிற வீடியோவை மச்சானே எனக்கு அனுப்பி, "மாப்ள, இங்க குடோன்ல தூங்குது, அங்க அடிச்சுக்கிறாங்க பாரு" என்று எழுதியிருந்தான். 2024 செப்டம்பர் கடைசியில் டன்னுக்குக் குறைந்தபட்சம் 490 டாலர் என்ற நிபந்தனையோடு தடையை எடுத்தார்கள்; அக்டோபரில் அந்த நிபந்தனையும் போனது. உள்ளூரில் விலை ஏறாமல் இருக்கத்தான் இந்தத் தடை என்றால் எனக்கு எதிர்ப்பு இல்லை, ரேஷன் கடை வரிசையும் எனக்குத் தெரியும். நடுவில் பொன்னி நட்டவனுக்கு ஒரு வாரமாவது முன்னால் சொல்லியிருக்கலாம். அவனை யார் கேட்டார்கள்?

சிலைக்கு வருகிறேன். கோயில் சிலை திருட்டைத் தடுக்க இந்தச் சான்று எவ்வளவு உதவுகிறது என்று என்னைக் கேட்டால், வாசலில் நிற்கிற நாய் அளவுக்கு உதவுகிறது என்பேன். நேர்மையாக வருகிறவன் குரைப்பைக் கேட்டு நிற்கிறான், திருடன் கொல்லைப்புறமாக வருகிறான். அதற்காக நாய் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதுசு என்பதற்கான அத்தாட்சி சிலையில் கொஞ்சம்தான் இருக்கிறது. முக்கால்வாசி பட்டறையில் கிடக்கிறது. சூளையின் சூடு, உடைத்துப் போட்ட மண் கரு, கட்டாந்தரையில் சிதறிய அரப்பொடி. அதிகாரி பட்டறைக்கே வந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. மூன்றடி அம்மனை வண்டியில் ஏற்றி அலைவதற்குப் பதில் பார்க்கிற கண் இங்கே வந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. சுவாமிமலையில் பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒரு பகலில் முக்கால் வாசியை நடந்தே பார்த்துவிடலாம்.

அதுவரைக்கும் நோட்டுப் புத்தகம்தான். ஒவ்வொரு பட்டறையிலும் மெழுகை எடை போடுவார்கள். ஒரு கிலோ மெழுகுக்கு எட்டிலிருந்து பத்து கிலோ உலோகம் வேண்டும் என்பது கணக்கு; அதை வைத்துத்தான் செம்பு, ஈயம், பித்தளை எல்லாம் எடுத்து வைப்பார்கள், கேட்டவர்களுக்கு வெள்ளியும் தங்கமும் துளி சேரும். அந்த எடையைக் குறித்து வைத்திருக்கும் நோட்டு பெரும்பாலும் உலைக்குப் பக்கத்திலேயே கரி பட்டுக் கிடக்கும். எனக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைத்ததில்லை. இன்ன தேதியில் இவ்வளவு மெழுகு, இன்ன தேதியில் இவ்வளவு உலோகம் ஊற்றியது. முடிந்த சிலையின் எடை அதோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் இதைவிட என்ன வேண்டும்? சிவகாமி அம்மனுக்கும் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணைத்தேன். சான்று வந்தது, அம்மன் போய்ச் சேர்ந்தாள், வாங்கியவர்கள் நோட்டுப் பக்கத்தின் நகலையும் சட்டம் போட்டுப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகப் படம் அனுப்பினார்கள்.

பெரியவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம கணக்கப் போயி மாட்டி வச்சிருக்கானுவ" என்றார். நோட்டில் தேதி 'ஆவணி 12' என்று இருந்தது. பக்கத்திலேயே ஆங்கிலத் தேதியையும் போடுங்கள் ஐயா என்று கேட்டிருக்கிறேன். ஒத்துக்கொண்டார். ஆனால் முதலில் தமிழ்த் தேதிதான் எழுதுவாராம், ஆங்கிலத் தேதி எனக்காகப் பென்சிலில்.